பார்த்ததை மட்டும் சொன்ன அம்மா

அந்த அம்மாவின் பேர் எனக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வருஷம் பழக்கமான மனுஷியின் பேர் தெரியாது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மண்டியில் "ஏ புள்ளே" என்பார்கள். வீடுகளில் அதுவும் கிடையாது, கை தட்டிக் கூப்பிடுவார்கள். இப்போது நான் அம்மா என்று எழுதுகிறேனே, அந்த வார்த்தைகூட இந்த வயசில் வந்ததுதான். அன்றைக்கு வாயில் வரவில்லை.

ஒல்லியாக, நெட்டையாக இருப்பாள். கை ரெண்டும் உடம்புக்கு ஒட்டாத நீளம். எப்போது பார்த்தாலும் புருவத்தில் மல்லாட்டைத் தூசி படிந்திருக்கும்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். கழுத்தில் தாலியோடு கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னத் தகரச் சிலுவை. பிரம்மதேசத்துப் பக்கத்துச் சேரியிலிருந்து திண்டிவனத்து மல்லாட்டை மண்டிக்கு நடந்தே வருவாள். நான் அப்போது அந்த மண்டியில் மூட்டை நிறுக்கிற வேலையில் இருந்தேன். அஞ்சாம் கிளாஸ் படிப்புக்கு அதற்கு மேல் வேலை கிடைக்கவில்லை. முருகன் அதையாவது கொடுத்தானே என்றிருந்தேன்.

அவளை நான் முதலில் கவனித்தது ஒரு தகராறில். புதுச்சேரியிலிருந்து மல்லாட்டைக் காய் வாங்க ஒருவர் வந்திருந்தார். மண்டிக்காரர் மேலடுக்கு மூட்டைகளைப் பிரித்துக் காட்டினார். காய் கலகலவென்று இருந்தது. வந்தவர் திருப்தியாகி, போகிற போக்கில், புடைத்துக்கொண்டிருந்த இவளைப் பார்த்து, காய் எல்லாம் நல்லாக் காஞ்சதுதானே என்று சிரிப்பாகக் கேட்டார்.

"மேலடுக்கு காஞ்சிருக்குதுங்க. கீழடுக்க நான் பாக்கலே" என்றாள்.

அவ்வளவுதான். அவர் கீழ் மூட்டையை இழுக்கச் சொன்னார். பிரித்தால் பூசண வாடை. மண்டிக்காரர் முகம் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவளை ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று நிறுத்தினார். ஆனால் அவளைப் போலப் புடைக்க அங்கே ஆள் இல்லை. எட்டாம் நாள் அவரே ஆள் அனுப்பினார். வந்து நின்றவளிடம், இனிமேல் வாயைத் திறப்பியா என்று கேட்டார். "கேட்டா திறப்பேன்" என்றாள். மண்டியே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

இதை நேர்மை என்று சொல்கிறதா, திமிர் என்று சொல்கிறதா என்று எனக்கு அப்போதே குழப்பம். ஏனென்றால் அவள் யாருக்கும் நல்லது செய்ய வேண்டும் என்று பேசுகிறவளாகத் தெரியவில்லை. இருக்கும், வரும், நடக்கும் என்ற பேச்சே அவளிடம் இல்லை. மழை வருமா என்று கேட்டால் நிமிர்ந்து பார்த்து, "மேகம் நிக்குது" என்பாள். கூட வேலை செய்கிற பெண்கள் இதை வைத்துக் கேலி பண்ணுவார்கள். உனக்குப் பசிக்குதா, இல்லை வயித்தைத் திறந்து பாத்துட்டுத்தான் சொல்லுவியா என்பார்கள். அவள் அதற்குக் கோபப்பட்டும் நான் பார்த்ததில்லை.

அவள் புருஷன் பினாங்குக்குக் கப்பல் ஏறினவன். ரெண்டு வருஷம் கழித்து அவன் செத்துப்போனதாகக் காகிதம் வந்தது. வேதக்கோயிலில் உபதேசியார் அதைப் படித்துச் சொன்னாராம். இவள் தாலியைக் கழற்றவில்லை. பெண்கள் விடுவார்களா? ஒரு நாள் புடைக்கிற இடத்தில் அதே பேச்சாகக் கிடந்தது. செத்தவனுக்குத் தாலி கட்டிக்கினு சுத்துறியே என்று ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள்.

"கப்பலு ஏறினத பாத்தேன்" என்றாள் இவள். "செத்தத நான் பாக்கலே."

"அதான் காயிதம் வந்துதே."

"எழுதினவனும் பாத்தானான்னு அதுல இல்லே."

அப்புறம் முறத்தைத் தட்டித் தட்டிப் புடைத்தாள். அன்றைக்கு மட்டும் அவள் முறத்திலிருந்து பருப்பும் சேர்ந்து கீழே விழுந்ததை நான் பார்த்தேன்.

நான் சாமி நம்பிக்கை உள்ளவன். காலையில் குளித்துத் திருநீறு இடாமல் வாயில் தண்ணீர் விட்டதில்லை. கண்ணால் காணாததை நம்புகிறதுதான் பக்தி என்று என் தகப்பனார் சொல்லிக் கொடுத்திருந்தார். அதனால் இவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சங்கடம். ஒரு நாள் தராசுப் பக்கம் யாரும் இல்லாத நேரத்தில், "உங்க சாமிய நீ பாத்திருக்கியா?" என்று கேட்டேன்.

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "பாக்கலே ஆண்டே."

"அப்புறம் எதுக்கு ஞாயித்துக்கிழமையானா அவ்ளோ தூரம் போறே?"

"போனா உள்ள ஒக்கார வைக்கிறாங்க."

எங்கள் கோயிலில் அவள் எதுவரைக்கும் வரலாம் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தராசுக்கல்லை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன்.

கல்யாணமான பிறகு நான் விழுப்புரத்துக்கு வந்து ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு சின்ன மளிகைக் கடை போட்டேன். கடைக்குப் பின்னால் ஒரே அறை, அதில்தான் குடித்தனம். மூன்று நான்கு வருஷம் கழித்து ஒரு காலையில் பின்சந்தில் கூடையோடு போகிறவளைப் பார்த்தால், அவள்தான். மகளை விழுப்புரத்தில் ரயில்வே போர்ட்டர் ஒருவனுக்குக் கொடுத்திருக்கிறதாகவும், அந்தச் சந்தில் இருந்த மல்லாட்டை வியாபாரி வீட்டில் மாட்டுக் கொட்டகை கூட்டுவதாகவும் சொன்னாள். தாலி அப்படியே இருந்தது.

இனி அந்த வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னைப் பட்டணம் காலியான வருஷம் அது. ரயில் ரயிலாக ஜனங்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் எங்கள் ஊரைத் தேடி ஓடிவந்தார்கள். எங்களுக்கோ எங்கே ஓடுகிறது என்று தெரியவில்லை. நாலு பக்கமும் ரயில் பாதை பிரிகிற ஊர், முதல் குண்டு இந்த ஸ்டேஷனுக்குத்தான் என்று டீக்கடையில் பேசாத ஆள் இல்லை. எனக்கு ரெண்டு பெண் குழந்தைகள். என்ஜின் ஊதினால்கூட என் மனைவி அவர்களை இழுத்து மடியில் போட்டுக்கொள்வாள்.

அந்த நேரத்தில்தான் அந்த வியாபாரி சொந்த ஊரான அனந்தபுரத்துக்கே போகிறதாகவும், வீட்டை விற்கப்போகிறதாகவும் தெரிந்தது. அந்த வீட்டில் நிலவறை இருந்தது. காய் மூட்டை வைக்கக் கட்டினது. வீட்டுக்கு உள்ளிருந்து இறங்க ஒரு படிக்கட்டு, மூட்டை இறக்கப் பின்சந்தில் ஒரு பலகைக் கதவு. நாங்கள் போய்ப் பார்த்தது பங்குனி மாசம். வெளியே அனல். கீழே இறங்கினால் குளுகுளுவென்று இருந்தது. புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தரையில் நல்ல ஆற்றுமணல் பரப்பியிருந்தது. என் மனைவி அந்த மணலில் குழந்தைகளோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இன்னாங்க, இந்த வீடே இருக்கட்டும்" என்றாள். அவள் ஒன்று கேட்டு வாய் திறந்தது எங்கள் கல்யாணத்துக்கப்புறம் அதுதான் முதல் தடவை. திண்டிவனத்தில் இருந்த என் பங்கு நிலத்தையும் அவள் நகையையும் விற்றால்தான் முடியும். இது தப்பினால் எங்கள் ஜன்மத்தில் வேறு வீடு கிடையாது.

மயிலத்துக்குப் போய்ப் பூக் கேட்டோம். முருகன் சந்நிதியில் வெள்ளைப் பூ, சிவப்புப் பூ ரெண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துப் போட்டு, மனசில் நினைத்து எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டு என் மனைவி எடுத்தாள். வெள்ளை.

மனை பார்க்கிறவர் ஒருவரையும் கூட்டிவந்தேன். காலி மனையாக இருந்தால் நவதானியம் விதைத்து, மூணு நாளில் முளைத்தால் குடியிருக்க உத்தமம் என்று பார்ப்பது எங்கள் வழக்கம். கட்டின வீட்டில் எப்படிப் பார்க்கிறது என்று அவருக்கே தயக்கம். மேலே எல்லாம் தளம் போட்டிருந்தது. மண்தரை நிலவறையில்தான். சரி, அங்கேயே போடுவோம் என்றார். விதைத்தோம். யாரும் தண்ணீர் தெளிக்கக் கூடாது, வீடே பதில் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் காலையில் விளக்கோடு இறங்கினோம். பச்சைப்பயறு மணலைப் பிளந்துகொண்டு விரற்கணு உயரம் நின்றது. கொள்ளு முளைத்திருந்தது. எள்கூட வாயைத் திறந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல். என் மனைவிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அங்கேயே கற்பூரம் ஏற்றினோம். சாமியே சொல்லிட்டுது, இனி நான் சொல்ல இன்னா இருக்குது என்று வியாபாரி கை கூப்பினார். அடுத்த வெள்ளிக்கிழமை பத்திரம் எழுதுவதாகப் பேச்சு.

நான் பின்வழியாக வெளியே வந்தேன். அவள் சாணக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தில் நின்றாள். சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தண்ணியே இல்லாம முளைச்சிருக்குது பார் என்று சொன்னேன். அந்த அம்மா என்னை ஒரு கேள்வி கேட்டது அந்த ஒரே தடவைதான்.

"தெளிக்கவே இல்லியா ஆண்டே?"

"ஒரு சொட்டு தெளிக்கலே" என்றேன்.

கூடையை ஏற்றிப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். நானும் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது.

திரும்பி வியாபாரியிடமே ஓடினேன். கீழே தண்ணீர் ஊறுமா என்று நேராகக் கேட்டேன். அவர் பூஜை மாடத்தில் கற்பூரத்தைக் கொளுத்தி அதன்மேல் கை வைத்து, இந்த வீட்டு நிலவறையில் தண்ணீரை என் கண்ணால் நான் பார்த்ததில்லை என்று சத்தியம் பண்ணினார். எனக்கு உயிர் வந்தது. இருந்தாலும் மறுநாள் காலையில் பின்சந்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை.

"கீழ தண்ணி வருமா?" என்று கேட்டேன்.

"வருமான்னு தெரியாது ஆண்டே. வந்திருந்தத பாத்தேன்."

"எப்போ?"

"போன ஐப்பசி. அதுக்கு முந்தின ஐப்பசியும். ஏரி ரொம்பி வழிஞ்ச மறுநாளு. அதுக்கு முந்தி நான் இங்க இல்லே."

எவ்வளவு என்று கேட்டதற்கு வாயால் சொல்லவில்லை. இடுப்பில் கையை வைத்துக் காட்டினாள்.

"முதலாளி பாத்ததே இல்லேன்னு கற்பூரத்துல அடிக்கிறாரே."

"அவுரு எறங்கினதில்லே. மொண்டு ஊத்துனது நான்தானே, இந்தக் கதவு வழியா. அவுரு மேல நின்னுக்கினு ஆச்சான்னு கேப்பாரு. ஆச்சுன்னுவேன்."

"நாலு தரம் இந்தச் சந்துல என்னைப் பாத்தியே, ஏன் சொல்லலே?"

"நீங்க கேக்கலியே ஆண்டே."

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கற்பூரத்தில் அடித்தவர் பொய் சொல்லவில்லை. இவளும் பொய் சொல்லவில்லை. வெள்ளைப் பூ கொடுத்த முருகன் பொய் சொல்வானா?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. "அவ உள்ள எறங்கினாளா? நாம கற்பூரம் ஏத்துன எடத்துலயா?" என்றுதான் கேட்டாள். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் அதே நினைப்பு வழியெல்லாம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் தண்ணீரைப் பற்றிப் பேசினாள். அப்புறம் ரெண்டும் கலந்துவிட்டது. ராத்திரி சாப்பாட்டுக்குள் அந்த வீடு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. தண்ணீருக்காக வேண்டாம் என்றோமா, அவள் கால் பட்டதற்காக வேண்டாம் என்றோமா என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வியாபாரியிடம் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

பத்து நாளில் பட்டணத்திலிருந்து வந்த ஒருவர் அந்த வீட்டை வாங்கிவிட்டார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனுஷர். வியாபாரியின் மாட்டையும் வாங்கிக்கொண்டு, கொட்டகை கூட்ட அந்த அம்மாவையே வைத்துக்கொண்டார். அவருடைய மகள் அப்போது கர்ப்பமாக இருந்தாள். மாசச் சாமான் எல்லாம் என் கடையில்தான். புளி நிறுக்கும்போது ஒரு நாள் சொன்னார்: நிலவறை ஒண்ணு இருக்கு பாருங்கோ, அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கமே வர்றது. பொண்ணுக்குப் பிரசவம் ஆனதும் அங்கேயே கட்டிலைப் போட்டுடப்போறேன்.

நான் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தேன். நூல் அறுந்து திரும்பக் கட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. மனைவி, ஊர் வம்பு நமக்கு எதுக்கு, விற்றவர் காதுக்குப் போனா பேஜாரு என்று சொல்லியிருந்தாள். எனக்கும் ஒரு சமாதானம் இருந்தது. நான் என் கண்ணால் பார்க்கவில்லையே. அந்த அம்மாவின் பேச்சை நான் எனக்குச் சௌகரியமான இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டேன். வைகாசி, ஆனி, ஆடி என்று ஒவ்வொரு மாசமும் அவர் சாமான் வாங்க வந்தார். ஒவ்வொரு மாசமும் நான் பொட்டலம் கட்டினேன். ஆவணியில் பேரன் பிறந்தான் என்று கற்கண்டு வாங்கிப்போய், எனக்கும் ஒரு கை கொடுத்துவிட்டுப் போனார்.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. அஞ்சாம் நாள் விடிந்து நான் கடைப் பலகையை எடுத்துக்கொண்டிருந்தபோது சந்துப் பக்கம் சத்தம் கேட்டது. போட்டது போட்டபடி ஓடினேன்.

நடந்தது இதுதான். மகளும் குழந்தையும் நிலவறையில் படுத்திருந்தார்கள். விடியும்போது அவள் கட்டிலிலிருந்து காலை வைத்தால் முழங்காலுக்கு மேல் தண்ணீர். படியேறி வந்தால் வீட்டுக்குள் திறக்கிற கதவு ஊறிப் பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கம் தகப்பனார் இடிக்கிறார், அந்தப் பக்கம் அவள் கத்துகிறாள், கதவு அசையவில்லை. கொட்டகை கூட்ட வந்தவளுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. பின்சந்துப் பலகைக் கதவைக் கடப்பாறையால் நெம்பித் திறந்து இறங்கியிருக்கிறாள். தூளியிலிருந்த குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, தாயை இன்னொரு கையால் இழுத்துக்கொண்டு ஏறியிருக்கிறாள். நான் போனபோது தாயும் பிள்ளையும் எதிர்வீட்டில் பத்திரமாக இருந்தார்கள். குழந்தை நனையக்கூட இல்லையாம்.

அவள் திரும்பவும் கீழே இறங்கியிருந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மிதந்த சாமான்களை எடுத்து மேல்படியில் வைத்துவிட்டு, குடத்தில் மொண்டுகொண்டிருந்தாள். குமாஸ்தா சந்தில் மழையில் நின்றார். என்னைப் பார்த்ததும், "ஒருத்தர்கூடச் சொல்லலியே, இந்த ஊர்ல ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலியே" என்றார்.

அவர் அவள் பக்கம் குனிந்தார்.

"உனக்குத் தெரியுமாம்மா, இங்க தண்ணி வரும்னு?"

"போன வருசம் வந்தத பாத்தேங்க."

"யார்கிட்டயாவது சொன்னியோ?"

"கேட்டவங்ககிட்ட சொன்னேன்."

"யாரு கேட்டது?"

அவள் நிமிர்ந்தாள். தூசி எல்லாம் கழுவிப்போய் அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்தது அப்போதுதான். என்னைப் பார்த்தாள். சொல்லப்போகிறாள், கேட்டால் சொல்கிறவள்தானே, சொல்லட்டும் என்றுகூட ஒரு பக்கம் நினைத்தேன்.

அவள் சொல்லவில்லை. குடத்தைச் சாய்த்துத் தண்ணீரில் அமுக்கினாள். அது குபுகுபுவென்று நிறைந்தது. குமாஸ்தா இன்னொரு தரம் கேட்டார். அவள் குடத்தை மேலே நீட்டினாள். வாங்க அங்கே யாரும் இல்லை. நான் ரெண்டு படி இறங்கி வாங்கினேன். அவள் கையும் என் கையும் குடத்தின் கழுத்தில் ஒன்றாகப் பட்டன. ஊற்றிவிட்டுக் காலிக் குடத்தைக் கொடுத்தேன். அடுத்ததை நீட்டினாள். மத்தியானம் வரைக்கும் அப்படியே மொண்டோம்.

அந்த அம்மா ஏன் சொல்லவில்லை? என்மேல் இரக்கப்பட்டாளா? என் கடை அந்தத் தெருவில் நடக்க வேண்டும் என்று நினைத்தாளா? இல்லை, என் பேரைச் சொல்லக்கூட நான் லாயக்கில்லை என்று விட்டாளா? அடுத்த தையில் அவள் மருமகனுக்கு வேறு ஊர் மாற்றலாகி எல்லாரும் போய்விட்டார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போனதும் நேராகப் பின்பக்கம் போய், தலைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். மழையில் நனைந்து வந்தவனுக்கு எதுக்குத் தலைமுழுக்கு என்று மனைவி கேட்டாள். சேறு என்றேன். சேறு இருந்தது, முழங்கால் வரைக்கும் இருந்தது. அவள் ஒரு குடம் ஊற்றினாள். நமக்குத் தெரியும்கிறத அவ சொல்லிட்டாளா என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன்.

"ஏன் சொல்லலியாம்?"

நான் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு குடம் ஊத்து" என்றேன்.